‘ரன்’ என்றால் ஓட்டம் மட்டும்தானா?

மொழிபெயர்ப்பு பழகும் மாணவி ஒருத்தி தன் பயிற்சித் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘ஷி ரேன் எ பாத்’ என்ற வரிக்கு ‘அவள் குளியலறைக்கு ஓடினாள்’ என்று எழுதியிருந்தாள். கதையில் வரும் பெண்ணுக்கோ எந்த அவசரமும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி நிறையும்வரை ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு சொல் பிசகியதில் அவளுடைய நிதானமே காணாமல் போய்விட்டது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. நாம் சறுக்கும் இடங்கள் சிலவே.

முதல் சறுக்கல், செயப்படுபொருளைக் கவனிக்காமல் விடுவது. தமிழில் ஓடினான், ஓட்டினான் என்று வினையே மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரேன்’தான். அதனால் அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்த பிறகே பொருளை முடிவு செய்ய வேண்டும். பள்ளி வந்தால் நடத்துவது, காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுவது, செய்தி வந்தால் வெளியிடுவது. ‘ரன் எ கார்’ என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். அது பெரும்பாலும் கார் வைத்துச் செலவு செய்து பராமரிப்பதைக் குறிக்கும். ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ இருக்கிறது.

நம் ‘ஓடு’ம் லேசுப்பட்ட சொல் அல்ல. படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. இந்த ஒற்றுமையை நம்பி எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று போட்டுவிடுவது அடுத்த தவறு. ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்பதை ‘ரன்’ வைத்துச் சொல்ல முடியாது. மூக்கு நமக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது. இரண்டும் ஆங்கிலத்தில் ‘ரன்’. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார், நம்மவர் நிற்கிறார்! ‘ரன்னிங் வாட்டர்’ ஆற்றைப் பற்றிய வரியில் ஓடும் நீர். வீட்டைப் பற்றிய வரியில் குழாய்த் தண்ணீர்.

பின்னால் ஒட்டும் சிறு சொற்கள் இன்னும் ஆபத்தானவை. கிரிக்கெட் பழகிய காதுக்கு ‘ரன் அவுட்’ என்றதும் ஸ்டம்ப் சாயும். ‘ரன் அவுட் ஆஃப் மனி’ என்றால் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. நண்பனை ‘ரன் இன்டு’ செய்தால் எதிர்பாராமல் சந்திப்பு, சுவரை என்றால் மோதல். ‘ரன் ஓவர்’ ஒரு வரியில் வண்டி ஏற்றுவது, இன்னொன்றில் குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது, வேறொன்றில் கூட்டம் நேரம் தாண்டிப் போவது.

அகராதியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்ஸ்போர்டு பெரிய அகராதி பொருள்களைக் கால வரிசையில் தருகிறது. பழையது முன்னால் நிற்கும். கற்போருக்கான அகராதிகளில் அதிகம் புழங்குவது முன்னால் வரும். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உங்கள் வரியைப் போன்ற ஒன்று கிடைக்கும்வரை கீழே இறங்கிப் பாருங்கள். அந்த மாணவி அப்படித்தான் தேடினாள். ‘குளிக்கத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டாள்’ என்று மாற்றி எழுதிக் காட்டினாள்.