டோக்கியோவில் ஒமகாசே சுஷி: கவுன்ட்டரில் உட்காருமுன் தெரிந்துகொள்ள

ஒமகாசேயில் மெனு கார்டு கிடையாது. எந்த மீன், எந்த வரிசையில், எத்தனை என்பதெல்லாம் சமையல்காரர் பொறுப்பு. உங்கள் வேலை இரண்டுதான்: அவருக்குத் தேவையான தகவலை முன்கூட்டியே சொல்வது, வைத்ததை வைத்தவுடன் சாப்பிடுவது.

ஒவ்வாமை, சாப்பிடாத பொருள்கள் எல்லாவற்றையும் முன்பதிவிலேயே எழுதுங்கள். உட்கார்ந்தபின் சொன்னால் பெரும்பாலும் மாற்று இருக்காது. அன்றைய மீன் காலையிலேயே தொயோசு சந்தையில் வாங்கியாகிவிட்டது. சூரை மீன் சில நாள் முன்பே பதப்படுத்த வைத்ததாகக்கூட இருக்கும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மேலே தடவும் நிகிரி சாஸில் சாகே அல்லது மிரின் என்ற அரிசி மது ஊற்றிக் காய்ச்சியிருப்பார்கள். முட்டை, சூப் வரைக்கும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால் சைவர்கள் சுஷிக் கடையைத் தவிர்த்து, புத்த மடங்களின் ஷோஜின் உணவைத் தேடுவதே நல்லது.

தாமதமாகப் போகாதீர்கள். பல கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், சோறும் அந்தக் கணக்கில்தான் வேகும். சுஷியில் மீனுக்கு அடியில் இருக்கும் வினிகர் கலந்த சோற்றை, அதாவது ஷாரியை, ஏறக்குறைய உடம்புச் சூட்டில் பிடிப்பார்கள். ஆறினால் பருக்கை விறைக்கும். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் கேட்கும் கடைகள் ஏராளம். சென்ட் பூசாமல் போங்கள், மீனின் மெல்லிய வாசனை அதில் அமுங்கிவிடும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், ஹினோக்கி மரப்பலகையில் கீறல் விழும்.

கையால் சாப்பிடலாம், குச்சியும் சரிதான். சாஸ் தடவித் தந்தால் மறுபடி தோய்க்க வேண்டாம். தடவாமல் வந்தால் பக்கவாட்டில் சாய்த்து, மீன் பக்கத்தை மட்டும் தொடுங்கள். உள்ளே காற்று இருக்கும்படி லேசாகப் பிடித்த சோறு சாஸ் பட்டால் உதிரும், உப்பும் ஏறும். வசாபி என்ற காரமான பச்சை விழுது உள்ளேயே இருக்கிறது. இஞ்சி ஊறுகாய் ஒரு சுஷிக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சுத்தப்படுத்த. மேலே வைத்துச் சாப்பிட அல்ல. போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள், கிடைத்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். நோரி என்ற கடற்பாசித் தாள் சுற்றியது கொஞ்ச நேரத்தில் நமுத்துப்போகும்.

வயிறு தாங்காது என்று தோன்றினால் தொடக்கத்திலேயே "ஷாரி ச்சீசாமே தே ஒனெகாய்ஷிமாசு" என்று சொல்லுங்கள். சோற்றைக் குறைத்துப் பிடிப்பார். சோற்றை மிச்சம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வெள்ளை மீன் முன்னாலும் கொழுப்பேறியது பின்னாலும் வருவது பொது வழக்கம், கடைக்குக் கடை மாறும். கடையின் தரத்தை ஓதோரோவை வைத்து எடை போடாதீர்கள். கொழுத்த சூரை வயிறு காசிருந்தால் யாருக்கும் கிடைக்கும். கொஹாதாவைப் பாருங்கள். விலை குறைந்த சின்ன மீன். உப்பில் எவ்வளவு நேரம், வினிகரில் எவ்வளவு நேரம் என்பது மீனின் பருமன், கொழுப்பு, அன்றைய வெப்பம் பார்த்து மாறும். உப்பு குறைந்தால் நீர் வடியாமல் கவிச்சி நிற்கும்; வினிகர் மிஞ்சினால் சதை வெளிறி வறண்டு, புளிப்பு மட்டுமே மிஞ்சும். எதோமாயே என்ற பழைய டோக்கியோ சுஷி மரபின் கைத்திறன் முழுவதும் இதில் தெரிந்துவிடும். அடுத்து அனாகோ: வேகவைத்த கடல் விலாங்கு நாக்கில் கரைய வேண்டும்.

முட்டை வந்தால் பெரும்பாலும் முடிவு நெருங்கிவிட்டது. பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். பில்லுக்கு "ஒகாய்கே ஒனெகாய்ஷிமாசு" போதும். டிப்ஸ் வைக்க வேண்டாம்.