எந்த ஓக் என்று தெரியவில்லையா? இலையை மட்டும் நம்பாதீர்கள்

ஒற்றை இலையைப் படம் பிடித்து அனுப்பி, "இது என்ன ஓக்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிளையின் நுனி எங்கே? நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ வீட்டுக்கு முன்னால் ஓங்கி நிற்கும் மரத்தின் பெயரை அறிய விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இலை வடிவத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஓக் மரங்களில் அடிக்கடி ஆளை ஏமாற்றுவதே இலைதான். கிளை நுனியில் கொத்தாக உட்கார்ந்திருக்கும் மொட்டுகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இங்கே மொட்டு என்பது பூமொட்டு அல்ல. அடுத்த வசந்தத்தின் தளிர் செதில்களுக்குள் சுருண்டு கிடக்கும் குளிர்கால மொட்டு.

உலகில் 400க்கும் மேற்பட்ட ஓக் இனங்கள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 90 இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் கிழக்குப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படும் சிலவற்றை வைத்தே இங்கே பேசுகிறேன்.

ஓக் அல்லாததும், ஓக் போல் தெரியாததும்

முதல் தவறு பேரினத்திலேயே நடக்கிறது. ஊட்டியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஓக் என்றதும் நினைவுக்கு வருவது அந்த மரம்தான். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. தோலில் பட்டால் அரிப்பைக் கிளப்பும் பாய்சன் ஓக்கும் அப்படித்தான், பெயரளவில் மட்டும் ஓக்.

மறுபுறம், மடல் மடலாக வெட்டுப்பட்ட இலை இல்லையென்றால் அது ஓக் இல்லை என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. வட கரோலினாவின் சார்லட் நகரத் தெருக்களில் வரிசையாக நிற்கும் வில்லோ ஓக்கின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். வெட்டு என்பதே கிடையாது. தெற்கு மாநிலங்களின் லைவ் ஓக் குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும், இலையும் சிறிய முட்டை வடிவம். 1797இல் கடலில் இறக்கப்பட்ட 'கான்ஸ்டிட்யூஷன்' போர்க்கப்பலின் உடலுக்குப் பயன்பட்டது இந்த மரம்தான்.

அப்படியானால் ஓக் என்று எதை வைத்து உறுதி செய்வது? இலைகள் கிளையில் மாறி மாறி அமைந்திருக்க வேண்டும். எதிரெதிராக இரண்டிரண்டாக இருந்தால் அது மேப்பிளாக இருக்கலாம், ஓக்காக இருக்க முடியாது. கிளை நுனியில் ஒரே மொட்டு இல்லாமல் மூன்று, நான்கு, ஐந்து என்று கொத்தாக இருக்க வேண்டும். கீழே விழுந்த சிறு குச்சியைக் குறுக்கே வெட்டினால் நடுச்சோறு, அதாவது நடுவிலுள்ள மென்மையான பகுதி, ஐந்து முனை நட்சத்திர வடிவில் தெரியும். ஓக் கொட்டை கிடைத்தால் சந்தேகமே இல்லை. ஆனால் கொட்டை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பல ஓக் மரங்கள் 20 வயதைத் தாண்டிய பிறகுதான் நன்றாகக் காய்க்கும். முதிர்ந்த மரங்களும் ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, அடுத்த வருடம் ஏறக்குறைய சும்மா இருந்துவிடும்.

குழுவைத் தாண்டிப் பெயருக்குத் தாவுவது

கிழக்கு அமெரிக்காவின் ஓக் மரங்களைப் பெரும்பாலும் இரண்டு குழுக்களாகப் பிரித்துவிடலாம்: சிவப்பு ஓக் குழு, வெள்ளை ஓக் குழு. ஒவ்வொன்றிலும் குழுவின் பெயரிலேயே ஓர் இனமும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எந்தக் குழு என்று தீர்மானிக்காமல் நேராகப் பெயரைத் தேடப் போனால், படப் புத்தகத்தில் உள்ள எல்லா இலையும் உங்கள் இலை போலவே தோன்றும்.

சிவப்பு ஓக் குழுவில் ஒவ்வொரு மடலின் முனையிலும் நரம்பு இலையைத் தாண்டி ஊசி போன்ற முள்மயிராக நீளும். வெள்ளை ஓக் குழுவில் அது இல்லை. மடல்கள் பெரும்பாலும் உருண்டு முடியும். இது நல்ல அடையாளம்தான். ஆனால் தரையில் நெடுநாள் கிடந்து காய்ந்த இலையில் முள்மயிர் ஒடிந்து போயிருக்கும். அதைப் பார்த்து வெள்ளை ஓக் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வில்லோ ஓக்கில் மடலே இல்லாததால் இலையின் நுனியில் ஒரே ஒரு மயிர்தான் இருக்கும். அதுவும் சிவப்பு ஓக் குழுவே. ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சாடூத் ஓக்கின் இலை விளிம்பு முழுக்க முள்மயிர் இருந்தாலும் அது இந்த இரண்டு குழுக்களிலுமே சேராது.

எனவே கொட்டையையும் கேளுங்கள். வெள்ளை ஓக் குழுவின் கொட்டை ஒரே பருவத்தில் முதிர்ந்துவிடும். சிவப்புக் குழுவில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பருவம் வேண்டும். அதனால் கோடையில் சிவப்புக் குழு மரத்தின் இந்த ஆண்டுக் கிளையில் மிளகளவு பிஞ்சும், போன ஆண்டுக் கிளையில் பருத்த காயும் ஒரே நேரத்தில் இருக்கும். கொட்டையின் மேலோட்டை உடைத்து உள்பக்கம் பாருங்கள்: சிவப்புக் குழுவில் மெல்லிய ரோமம், வெள்ளைக் குழுவில் வழவழப்பு. அக்டோபரில் விழுந்த கொட்டையிலிருந்து அப்போதே வேர் எட்டிப் பார்க்கிறதா? அது வெள்ளைக் குழு. சிவப்புக் குழுவின் கொட்டை வசந்தம் வரை காத்திருக்கும்.

இந்தப் பிரிவினை மரத்துக்குள்ளேயும் ஓடுகிறது. வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்கள் உள்ளே அடைபட்டுவிடுவதால்தான் ஒயின், விஸ்கி பீப்பாய்களை அந்த மரத்தில் செய்கிறார்கள். சிவப்பு ஓக்கில் செய்தால் ஒழுகும்.

இலையுதிர்கால நிறத்தை வைத்துக் குழுவைச் சொல்லும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடலாம். வெள்ளை ஓக் பல சமயம் ஒயின் நிறத்துக்குச் சிவக்கும். சிவப்பு ஓக் சில ஆண்டுகளில் வெறும் பழுப்போடு முடித்துக்கொள்ளும்.

ஒரே மரத்தில் இரண்டு விதமான இலை

கைக்கு எட்டுகிறது என்பதற்காகத் தாழ்ந்த கிளையின் இலையைப் பறிப்பது எல்லாரும் செய்யும் தவறு. உச்சியில் முழு வெயிலில் வளரும் இலை சிறியதாக, தடித்து, ஆழமான வெட்டுகளோடு இருக்கும். கீழே நிழலில் வளரும் இலை அகன்று, மெலிந்து, மேலோட்டமான வெட்டுகளோடு இருக்கும். கருப்பு ஓக்கின் நிழல் இலையையும் சிவப்பு ஓக்கின் சாதாரண இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அனுபவசாலிகளே தயங்குவார்கள். இளங்கன்றுகளிலும், வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளைகளிலும் வரும் இலைகள் இன்னும் மோசம். சில நேரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வடிவத்தில் இருக்கும்.

செல்போன் செயலிகள் தடுமாறுவதும் இங்கேதான். ஓக் என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். எந்த ஓக் என்பதற்கு அவை தரும் பதிலைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து பொறுக்குவதாக இருந்தால் பத்து இலைகளாவது எடுங்கள், அடிமரத்துக்கு அருகிலிருந்து எடுங்கள். பக்கத்து வீட்டு மரத்தின் இலையும் காற்றில் வந்திருக்கும்.

இலையைத் திருப்பிப் பார்க்காமல் விடுவது இன்னொரு குறை. கருப்பு ஓக்கில் அடிப்பக்கத்து நரம்புக் கவைகளில் பழுப்பு ரோமக் கற்றைகள் இருக்கும். சதுப்பு வெள்ளை ஓக்கின் அடிப்பக்கம் வெளுத்து, தடவினால் வெல்வெட்டாக இருக்கும். காம்பு இருக்கிறதா இல்லையா என்பதே அளவுக்குக் குட்டையான காம்பு, இலையின் அடியில் இரண்டு சிறு காது மடல்கள் என்று இருந்தால் அது உள்ளூர் மரமே அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்து பூங்காக்களிலும் தெருக்களிலும் நடப்படும் இங்கிலிஷ் ஓக்.

மொட்டைப் பார்க்காமல் பேசாதீர்கள்

ஆகஸ்ட் தொடங்கி மறு வசந்தம் வரை, அதாவது இலை இருக்கும்போதும் இல்லாதபோதும், மொட்டு கிளையில் இருக்கிறது. கிளைக்கு எட்டவில்லையா? அணில்களுக்கு நன்றி சொல்லுங்கள். கோடை இறுதியில் அவை கொட்டைக்காகக் கிளை நுனிகளைக் கத்தரித்துக் கீழே தள்ளும். இலை, மொட்டு, காய் மூன்றும் ஒரே குச்சியில் கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் ஒரு ஸ்கேலும் போதும்.

சிவப்புக் குழுவைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள், குழப்பம் அதிகம் அங்கேதான். நுனி மொட்டு 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை பெரிதாக, தட்டையான பக்கங்களும் விளிம்புகளும் தெரிய, முழுக்கச் சாம்பல் கம்பளி போர்த்தியிருந்தால் கருப்பு ஓக். 4 முதல் 7 மில்லிமீட்டர், செம்பழுப்பு, பளபளப்பு, நுனியில் மட்டும் ஓரிரு செம்மயிர் என்றால் சிவப்பு ஓக். அதே அளவில், மேல் பாதியில் மட்டும் வெளிறிய ரோமம், கீழ் பாதி வழவழப்பு என்றால் ஸ்கார்லெட் ஓக். 3 முதல் 5 மில்லிமீட்டர், ரோமமில்லாத சிறு கூர்மொட்டு என்றால் பின் ஓக். ஸ்கார்லெட் ஓக்கின் இலையும் பின் ஓக்கின் இலையும் இரண்டுமே ஆழமாக வெட்டுப்பட்டவை; இலையை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்க வாதாடலாம். மொட்டைப் பார்த்தால் வாதம் முடிந்துவிடும்.

வெள்ளை ஓக்கின் மொட்டு 3 மில்லிமீட்டர் அளவில், மொண்ணையாக, ரோமமின்றி இருக்கும். பர் ஓக்கில் நுனி மொட்டுகளைச் சுற்றி நூல் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குச்சிகளில் தக்கை போன்ற முகடுகள் ஓடுவதும் உண்டு.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கூரிய மொட்டு சிவப்புக் குழு, மொண்ணை மொட்டு வெள்ளைக் குழு என்று ஒரு சுருக்க விதியைப் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். செஸ்ட்நட் ஓக் அந்த விதியை உடைக்கிறது: வெள்ளைக் குழு, ஆனால் மொட்டு நன்றாகக் கூர்ந்திருக்கும். முள்மயிர் இல்லாத, விளிம்பில் உருண்ட பற்கள் கொண்ட இலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். நோஞ்சானான கிளையில் மொட்டும் நோஞ்சானாகத்தான் இருக்கும் என்பதால், நன்றாக வளர்ந்த கிளைகளாகப் பார்த்து எடுங்கள்.

பட்டையைச் சீவாதீர்கள்

பட்டை வயதோடு மாறும், மழையில் கறுக்கும், பாசி படர்ந்தால் பச்சையாகும். கண் மட்டத்தில் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதால்தான் தவறு வருகிறது. தலையை உயர்த்துங்கள். சிவப்பு ஓக்கின் அடிமரம் முதுமையில் கரடுமுரடாகிவிட்டாலும், மேலே இஸ்திரி போட்டது போன்ற தட்டையான, மினுங்கும் நெடுங்கோடுகள் தெளிவாகத் தெரியும். வெள்ளை ஓக்கின் பட்டை வெளிர் சாம்பல். ஓரம் எழும்பிய தகடுகளாகக் கழன்று நிற்கும். சில வெள்ளை ஓக்குகளில் பட்டை உதிர்ந்து திட்டுத் திட்டாக வழவழப்பாக இருக்கும். அது பட்டையின் செத்த வெளிப்பகுதியைத் தின்னும் ஒரு பூஞ்சையின் வேலை. வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். சதுப்பு வெள்ளை ஓக்கின் இளங்கிளைகளில் பட்டை காகிதமாகச் சுருண்டு உரியும். செஸ்ட்நட் ஓக்கின் முதிர்ந்த பட்டையில் விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளங்கள்.

கருப்பு ஓக்கின் உள்பட்டை மஞ்சளாக இருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. உண்மைதான். 18ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் எட்வர்ட் பான்கிராஃப்ட் அதிலிருந்து எடுத்த குவர்சிட்ரான் என்ற மஞ்சள் சாயத்தை ஐரோப்பாவில் அறிமுகப்படுத்தினார். அதைச் சோதிக்கக் கத்தியை எடுக்கிறார்களே, அதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள தவறுகளிலேயே மரத்துக்கு ஆபத்தானது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் புதுக் காயத்தின் சாறு தேடி வரும் வண்டுகள் ஓக் வாடல் என்ற பூஞ்சை நோயைக் கொண்டுவரும். சிவப்புக் குழு மரம் அந்தப் பூஞ்சை தாக்கினால் சில வாரங்களிலேயே செத்துவிடும். வெள்ளைக் குழு மரம் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கக் கூடும். கனடாவில் இந்த நோய் முதன்முதலாக 2023இல் நயாகரா ஃபால்ஸில் உறுதியானது. மொட்டின் கம்பளியே போதுமான சான்றாக இருக்கும்போது கத்தி எதற்கு? கருப்பு ஓக்கைப் பார்த்துப் பழக வேண்டுமானால் டொராண்டோ ஹை பார்க்குக்குப் போங்கள். அங்கே அந்த மரங்கள் நிறைந்த பழைய புல்வெளிக் காடு இருக்கிறது.

மற்றவை

இலையிலோ கிளையிலோ உருண்டையாகத் தொங்குவதெல்லாம் காய் அல்ல. சிறு குளவிகள் முட்டையிடும்போது ஓக் திசு வீங்கிப் பந்தாகிவிடும். குழந்தைகளுக்கு உரைமருந்தில் சேர்க்கும் மாசிக்காய் மேற்காசிய ஓக் ஒன்றில் அப்படி உண்டாவதுதான். அடையாளம் காண்பதற்கு உருண்டை வேண்டாம், கிண்ணத்தோடு கூடிய கொட்டையைத் தேடுங்கள்: பர் ஓக் என்றால் கிண்ணத்தின் ஓரம் முழுக்க இழைக் குஞ்சம், சதுப்பு வெள்ளை ஓக் என்றால் 3 முதல் 7 சென்டிமீட்டர் வரை நீண்ட காம்பு, பின் ஓக் என்றால் தட்டையான மெல்லிய கிண்ணம்.

குளிர்காலத்தில் காய்ந்த இலைகள் உதிராமல் நிற்கும் இளம் ஓக்கைப் பட்டுப்போனது என்று வெட்டிவிட வேண்டாம், அது அதன் இயல்பு. சதுப்பில் வளர்வது, பாறை மேட்டில் வளர்வது என்ற குறிப்புகள் காட்டில்தான் உதவும். தெருவில் நகராட்சி நட்ட மரத்துக்குச் செல்லாது. பின் ஓக்கின் கீழ்க்கிளைகள் சாய்ந்து தொங்கும் என்பதும் சரிதான், ஆனால் நடைபாதை ஓரத்தில் அந்தக் கிளைகளை முதலிலேயே வெட்டியிருப்பார்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் பெயர் சிக்காத மரங்கள் உண்டு. ஓக் மரங்கள் தங்கள் குழுவுக்குள் கலப்பினம் ஆகும். வெள்ளை ஓக்கும் பர் ஓக்கும் சேரும், கருப்பு ஓக்கும் சிவப்பு ஓக்கும் சேரும். குழு விட்டுக் குழு சேராது. ஆகவே பாதி ரோமம், பாதி பளபளப்பு என்று மொட்டும் இலையும் வெவ்வேறு பதில் சொல்லும்போது, வலுக்கட்டாயமாக ஒரு பெயரைச் சூட்டுவதைவிட "சிவப்புக் குழு, கருப்பு ஓக் கலப்பாக இருக்கலாம், டிசம்பரில் மொட்டு, செப்டம்பரில் கொட்டை பார்க்க வேண்டும்" என்று குறித்து வையுங்கள். மரம் அங்கேயேதான் நிற்கப் போகிறது.