கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் சிறுவனின் தேவையை அறிவது எப்படி?

குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்க வைக்கும் இடமே கூர்நோக்கு இல்லம். அங்கே வருபவனிடம் முதல் நாளே வழக்கைப் பற்றித் துருவாதீர்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, உடம்பில் காயம் உண்டா என்று பாருங்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை இருந்தால் அது திமிரல்ல, போதை விட்டதன் விளைவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்பதைத் தனியறையில் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

படிப்பை மாற்றுச் சான்றிதழை வைத்து முடிவு செய்யக் கூடாது. தினத்தந்தியில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ‘எட்டாம் வகுப்பு’ என்பவன் எழுத்துக் கூட்டித் திணறக்கூடும். கண் பார்வையையும் சோதியுங்கள்.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் சிறுவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் அவனுடைய குடும்பம், சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அம்மாவிடம் போனில் மட்டும் பேசி எழுதும் அறிக்கை உதவாது, வீட்டுக்கே போங்கள்.