மலை ஸ்னோமொபைலுக்கு வேறு பின் சஸ்பென்ஷன்: பொருத்தும் முறையும் சரிசெய்யும் முறையும்

ஆழமான தூள்பனி படர்ந்த மலைச் சரிவுகளில் ஓட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஸ்னோமொபைலில், பனியைப் பற்றி வண்டியை உந்தும் ரப்பர் பட்டையான டிராக்குக்குள் அடங்கியிருக்கும் பின் சஸ்பென்ஷன் மூன்று வேலைகளைச் செய்கிறது. மேடுபள்ளங்களின் அதிர்வைத் தாங்குவது ஒன்று. த்ராட்டிலை அழுத்தும்போது வண்டியின் எடையை முன்னால் உள்ள சறுக்குப்பலகைகளான ஸ்கீகளிலிருந்து பின்னுக்கு இழுத்து டிராக்கின் மேல் ஏற்றுவது இன்னொன்று. டிராக் எந்தக் கோணத்தில் பனியின் மேல் ஏறுகிறது என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது. வண்டியோடு வந்த அமைப்பைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் அமைப்பைப் பொருத்துபவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே மனத்தில் வைத்து ஷாக் அப்சார்பரைப் பார்த்து வாங்குகிறார்கள். மலையில் வண்டியின் குணத்தை உண்மையில் மாற்றுபவை மற்ற இரண்டுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம் தருகிறேன்.

வாங்குவதற்கு முன் டிராக்கின் நீளத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். 155, 163, 165, 174 அங்குலம் எனப் பல நீளங்கள் புழக்கத்தில் உள்ளன. சஸ்பென்ஷனின் ரெயில்கள் (டிராக்குக்குள் நீளவாக்கில் ஓடும் இரு தண்டவாளங்கள்) அந்த நீளத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். டிராக்கை மேலிருந்து மூடும் அலுமினியக் கூடான டனலின் அகலமும், சஸ்பென்ஷனை அதில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்கள் அமரும் இடங்களும் பொருந்த வேண்டும். ஸ்கீ-டூ சம்மிட் வண்டிகளில் 2013 முதல் வந்த டி-மோஷன் போன்ற அமைப்புகளில், ரெயில்களும் கைகளும் ஷாக்குகளும் சேர்ந்த சட்டகம் பக்கவாட்டில் சற்றே சாய்ந்து கொடுக்கும். அதை எடுத்துவிட்டு அசையாத சட்டகத்தைப் பொருத்தினால், வண்டியைச் சரிவில் ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டும் உணர்வே மாறிவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

பழைய அமைப்பைத் தொடுவதற்கு முன்பே தரையிலிருந்து பின் பம்பர் வரையுள்ள உயரம், டிராக்கை ஓட்டும் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரையுள்ள தூரம், சட்டகத்தின் முன்முனை இறங்குவதை வரையறுக்கும் லிமிட்டர் பட்டை எந்தத் துளையில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய அமைப்பு முதல் நாளிலேயே மனத்துக்கு ஒத்துவராவிட்டால், எதோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்பதற்கு இந்த எண்களைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

எரிபொருளை இயன்றவரை குறைத்து, வண்டியின் பின்புறத்தை உறுதியான தாங்கியில் தூக்கி நிறுத்துங்கள். பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தி, இரு பக்கத்து அட்ஜஸ்டர்களையும் தளர்த்தும் திசையில் திருகி டிராக்கை நன்றாகத் தொய்ய விடுங்கள். டார்ஷன் ஸ்பிரிங் (முறுக்கினால் விசை தரும் சுருள்) உள்ள வண்டியானால், அதன் நீண்ட காலை அதற்குரிய கருவியைக் கொண்டே அது ஊன்றியிருக்கும் கட்டையிலிருந்து விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அது விரலை முறிக்கும் வேகத்தில் தெறிக்கும்.

அடுத்து, டனலின் இருபுறமும் உள்ள நான்கு போல்ட்கள். இங்கேதான் பலர் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே குறுக்குத் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு போல்ட் ஏறியிருப்பதால், ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால் போல்ட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றும். எவ்வளவு திருகினாலும் கழலாது. எந்தப் போல்ட்டையும் முழுதாக வெளியே எடுப்பதற்கு முன், நான்கையும் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

போல்ட்கள் வந்த பிறகு, தரையில் தடித்த விரிப்பைப் போட்டு வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, டிராக்குக்குள்ளிருந்து சட்டகத்தை உருவி எடுங்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் எண்ணெயோ எரிபொருளோ கசியாது என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. டனல் காலியாக இருக்கும் இந்த நேரத்தில் ஓட்டும் அச்சின் பேரிங்குகள், டனலின் உட்புறத்தில் ஓடும் குளிர்விப்பான்கள், டிராக்கின் குறுக்கே செல்லும் கண்ணாடியிழைக் கம்பிகள் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒடிந்த கம்பி இருந்தால் அந்த இடத்தில் டிராக் கையில் மடிந்து கொடுக்கும்.

புதிய சட்டகத்தை ஏற்றுதல்

புதிய சட்டகம் பெட்டியிலிருந்து வந்தபடியே மாட்டத்தக்கது என்று நம்பிவிடாதீர்கள். மேசையின் மேல் வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். தண்டுகளின் கிரீஸ் முனைகளில் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, ஓரத்தில் புதிய கிரீஸ் பிதுங்கும் வரை குளிர்காலக் கிரீஸைச் செலுத்துங்கள். நைட்ரஜன் நிரப்பிய ஷாக்குகளைப் பிரிக்க வேண்டாம். அது அதற்குரிய கருவி உள்ளவர்களின் வேலை.

சில தொகுப்புகளுக்கு டனலில் புதிய துளைகள் இட வேண்டியிருக்கும். அளவுகளை எப்போதும் ஓட்டும் அச்சின் மையத்திலிருந்தே எடுங்கள்; டனலின் விளிம்பு நேராகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரு பக்கமும் குறித்த பிறகு மூலைவிட்டமாக அளந்து ஒப்பிட்டுப் பார்த்து, துளையிடும் இடத்துக்குப் பின்னால் குளிர்விப்பான் இல்லை என்பதைக் கண்ணால் கண்டுவிட்டே சிறிய துளையில் தொடங்குங்கள். வலுவூட்டும் தகட்டை ரிவெட் அடிக்காமல் வெறும் அலுமினியத் தகட்டில் போல்ட்டை மாட்டினால், ஒரே பருவத்தில் துளை நீள்வட்டமாக விரிந்துவிடும்.

சட்டகத்தை ரேட்செட் பட்டையால் இறுக்கிச் சுருக்கிவிட்டால் டிராக்குக்குள் எளிதாக நுழையும். சட்டகத்தை டனலோடு இணைக்கும் முன் கையின் போல்ட்களை முதலில், பின் கையினுடையவற்றை அடுத்து, நான்கையும் கையாலேயே சில சுற்றுகள் ஏற்றிய பிறகுதான் ரெஞ்சை எடுக்க வேண்டும். குறுக்கே ஏறிய மரையை ரெஞ்சின் நீளம் மறைத்துவிடும், விரல்கள் மறைக்காது. போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை இட்டு, தொகுப்போடு வந்த தாளில் உள்ள அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து டனல் வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன், காற்று ஷாக்காக இருந்தால் காற்றை இறக்கிய நிலையில், சட்டகத்தை மேல்நோக்கி அதன் முழு அசைவின் எல்லை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். டிராக் குளிர்விப்பானில் உரசுகிறதா, பின் சக்கரம் டனலின் முனையில் முட்டுகிறதா என்பதை இப்போது தெரிந்துகொள்ளாவிட்டால், மலையில் ஒரு தாவலுக்குப் பிறகு குளிர்விப்பு நீர் பனியில் வழியும்போதுதான் தெரியவரும்.

டிராக்கின் இறுக்கமும் நேராக்குதலும்

ரெயிலின் நடுப்பகுதிக்குக் கீழே தொங்கும் டிராக்கில் எடை ஒன்றை மாட்டி, ரெயிலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஸ்லைடுக்கும் டிராக்குக்கும் உள்ள இடைவெளியை அளப்பதே வழக்கம். நிறுவனத்தைப் பொறுத்து எடை 4.5 கிலோவாகவோ 7.3 கிலோவாகவோ இருக்கும். இடைவெளியும் மாறும் என்பதால், சஸ்பென்ஷன் தொகுப்பின் எண்ணையே பின்பற்றுங்கள். மிகுதியாக இறுக்கிய டிராக் வேகத்தைத் தின்று ஸ்லைடையும் தேய்க்கும். மிகுதியாகத் தொய்ந்தது ஓட்டும் பற்களின் மேல் ஏறிக் குதிக்கும்.

நேராக்குவதற்கு டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாக ஓடவிட வேண்டும். அப்போது வண்டியின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது; டிராக்கிலிருந்து தெறிக்கும் உலோகத் துண்டு ஆளை வீழ்த்தப் போதுமானது. எஞ்சினை அணைத்துவிட்டு, டிராக்கின் உலோகக் கிளிப்புகளுக்கும் ஸ்லைடின் ஓரத்துக்கும் இடையே குனிந்து பாருங்கள். இருபுறமும் சம அளவில் இருட்டுக் கோடு தெரிந்தால் டிராக் நேராக ஓடுகிறது. ஒரு புறம் கோடு மறைந்து, ஸ்லைடின் ஓரத்தில் பிளாஸ்டிக் மயிரிழை போலச் சுருண்டிருந்தால், டிராக் அந்தப் பக்கம் ஒதுங்கி உரசியிருக்கிறது என்று பொருள். இடைவெளி குறைந்த அந்தப் பக்கத்து அட்ஜஸ்டரைக் கால் சுற்று இறுக்கி மறுபடியும் ஓடவிடுங்கள்.

அமிழ்வும் காற்றழுத்தமும்

பின் பம்பரை, டிராக் தரையை விட்டு எழாமல் சஸ்பென்ஷன் முழுதும் நீளும் வரை தூக்கி உயரத்தை அளந்து, பிறகு ஓட்டுபவர் மலைக்குப் போகும் முழு உடையோடும், பனிச்சரிவுக் காற்றுப்பை உள்ள முதுகுப்பையோடும் ஏறி நின்ற நிலையில் மீண்டும் அளந்தால் கிடைக்கும் வேறுபாடே அமிழ்வு. தொகுப்பின் தாளில் வேறு எண் இல்லையென்றால், மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ்வது நல்ல தொடக்கம்.

காற்று ஷாக் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 20 டிகிரி செல்சியஸ் உள்ள கொட்டகையில் 70 பி.எஸ்.ஐ. நிரப்பிய ஷாக், வெளியே மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ 58 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். ஆகவே வண்டி வெளியே ஒரு மணி நேரமாவது குளிர்ந்த பிறகே அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பம்பை மாட்டும்போது குழாயை நிரப்பவும் ஷாக்கின் காற்று கொஞ்சம் போவதால், அளவி முதலில் காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

லிமிட்டர் பட்டை

சட்டகத்தின் முன்முனை எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை வரையறுக்கும் இந்தச் சிறு பட்டைதான் மலை வண்டியின் திறவுகோல் என்பது என் உறுதியான கருத்து. பட்டையைக் குறுக்கினால் சட்டகத்தின் முன்முனை மேலே இழுபட்டு, டிராக் பனியைச் சந்திக்கும் கோணம் தட்டையாகி, ஸ்கீகளின் மேல் எடை கூடும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்கீகள் தரையிலேயே நிற்கும். ஆனால் காட்டுக்குள் மரங்களுக்கிடையே திருப்பும்போது கைப்பிடி கனக்கும். பட்டையை நீட்டினால் எடை எளிதில் டிராக்குக்கு மாறும். ஸ்கீகள் லேசாகி ஏற்றத்தில் மேலெழும்.

ஒரு முறை நான் புதிய சட்டகம் ஒன்றைப் பொருத்தி, ஏற்றத்தில் ஸ்கீகள் மேலெழுந்து திசை தவறுவதைக் கண்டு, இரண்டு நாள் முழுதும் ஷாக்கின் தணிப்பைச் சரிசெய்யும் கிளிக்கர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். பட்டையை ஒரே ஒரு துளை குறுக்கியதும் வண்டி அடங்கியது. அன்று முதல், பட்டை சரியாகும் வரை கிளிக்கர்களைத் தொடுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துளை மட்டும் மாற்றி, இரு பக்கத்துப் பட்டைகளும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, அதே சரிவில் ஓட்டிப் பாருங்கள். பட்டையின் நீளம் மாறினால் டிராக்கின் இறுக்கமும் மாறும். அதையும் உடனே அளந்துவிட வேண்டும்.

பட்டைக்கு அடுத்துத்தான் சட்டகத்தின் முன் ஷாக். அதன் ஸ்பிரிங் மிகக் கடினமாக இருந்தால், தூள்பனியில் டிராக் மேலெழுவதற்குப் பதில் கீழ்நோக்கித் தோண்டி வண்டி தன் பள்ளத்திலேயே அமரும். ஆகவே முன் ஸ்பிரிங்கை, தாவும்போது அடி முட்டாத அளவுக்கு மென்மையாகவே வையுங்கள். பின் ஸ்பிரிங் மென்மையாகிவிட்டாலும் வண்டி பின்னே அமிழ்ந்து அதே பள்ளத்தைத் தோண்டும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் காரணம் எது என்று கண்டறிய முடியாது.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது. புதிய பட்டைகள் சற்றே நீளும், புதிய டிராக் தொய்யும். இரண்டையும் மீண்டும் அளந்து, கிரீஸ் முனைகளில் இன்னொரு முறை கிரீஸ் செலுத்திவிட்டு, புதிய எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.