விசுவாசமான மலைத்தலைவன்: கற்பனை உலகத்துக்கு ஒரு பாத்திரம் அமைப்பது எப்படி

குணத்தை யோசிக்கும் முன் தானியக் கணக்கைப் போடுங்கள். 60 வீடு, 300 பேர், ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ ராகி என்றால் ஊருக்கு 150 கிலோ. அரசன் 40 வில்லாளிகளை 90 நாளுக்குக் கேட்டால், அவர்கள் கட்டிக்கொண்டு போவது 1,800 கிலோ. மொத்த ஊரும் 12 நாள் களி கிண்டித் தின்னும் ராகி அது. தலைவனின் விசுவாசத்துக்கு விலை இதுதான்.

ஆள் கேட்டு அரசனின் ஓலை வரும் மாதம் முக்கியம். ஆடியில் விதைத்தது ஐப்பசியில் கதிர் முற்றி நிற்கும். காவல் பரணில் ஆள் இல்லாவிட்டால் காட்டுப்பன்றி மிச்சம் வைக்காது, யானை ஒரே ராத்திரியில் முடித்துவிடும். அதே ஓலை தையில் வந்தால் அவனுக்கு நஷ்டமில்லை, வாசகருக்குப் பதைப்பும் இல்லை. ஐப்பசியிலேயே அனுப்புங்கள்.

அவன் ஏன் கட்டுப்படுகிறான்? 'நன்றிக்கடன்' என்று மட்டும் எழுதினால் நிற்காது. மலையில் தேனும் தந்தமும் உண்டு. உப்பும் இரும்பும் கீழேயிருந்து வர வேண்டும். நொய்யல் கரையில் இரும்பு உருக்கிய கொடுமணல் மாதிரி ஓர் ஊரை அடிவாரத்தில் வையுங்கள். அங்கே போகும் கணவாயை அரசன் காக்கிறான், மேலே மலையைத் தலைவன் காக்கிறான்.

முன்மாதிரி வேண்டுமென்றால் சங்ககாலக் குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றனைப் பாருங்கள். சேரனின் படைத்தலைவன், ஆனால் அடுப்பு அவனுடையது. பன்றி கிளறிய புழுதியில் உழாமல் விதைத்த தினையை, மரையான் (காட்டுப்பசு) பால் ஊற்றி, சந்தன விறகில் பொங்கி, வாழையிலையில் பகிர்ந்துண்ணும் மலை என்கிறது புறநானூறு 168. 172ஆம் பாட்டு முதலில் பிட்டனின் வேலாயுதத்தை வாழ்த்துகிறது, அதன் பிறகே அவனுடைய அரசனான சேரன் கோதையை. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறிமுகக் காட்சியில் அரசவை வேண்டாம், அவன் முற்றம் வரட்டும்.

பலரும் சறுக்கும் இடம் பேச்சு. மலைக்காரன் என்பதற்காகக் கொச்சையாக உளற வைக்காதீர்கள், அது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை. எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் விடாதீர்கள். ஒரு தடவையாவது அரசன் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டும். கொங்கு வழக்கில் மரியாதை குறையாமலே அது முடியும்:

“ஆளு அனுப்பறனுங்க. நாப்பது பேரு இல்லீங்க, இருவது. மிச்சம் இருவது அறுப்பு முடிஞ்சு நானே கூட்டிட்டு வாரனுங்க.”

சொன்ன நாளில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.