தீவு நாடுகளின் உணவுக்குச் செலவாகும் ஆற்றலை ஒப்பிடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள், மாலத்தீவு மக்களும் மொரீசியஸ் மக்களும் உண்ணும் உணவுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று ஒப்பிட விரும்பினால், ஒரு கணினியும் பொறுமையும் போதும். ஆனால் கீழுள்ள படிகளின் வரிசையை மாற்றக் கூடாது.

படி 1: எல்லையை வரையறுத்தல்

வயலிலோ கடலிலோ தொடங்கி அடுப்பில் முடியும் பயணத்தில் எந்தெந்தக் கட்டங்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் சுமார் 30 விழுக்காடு உணவுக்குச் செல்கிறது என்றும், அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் விளைபொருள் வயலை விட்டு வெளியேறிய பிறகே செலவாகிறது என்றும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2011-இல் கூறியது. எனவே டிராக்டரையும் உரத்தையும் மட்டும் எண்ணி நிறுத்தினால் பெரும்பகுதி விடுபடும்.

பழகிப் பார்க்க, உங்கள் வீட்டுச் சமையலறையையே ஒரு சிறு தீவாகக் கொள்ளுங்கள். தஞ்சை அரிசி, தொண்டி மீன், அவற்றைக் கொண்டுவந்த வண்டியின் டீசல், ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர் என்று பட்டியல் நீளும். முற்றத்தில் வற்றலையும் வடகத்தையும் காயவைக்கும் வெயில் இக்கணக்கில் வராது. மாலத்தீவின் மாசிக்கருவாட்டுக்கும் இதே விதிதான்: வெயிலை விட்டுவிட்டு, அவிக்கவும் புகையூட்டவும் எரித்த விறகை மட்டும் எழுத வேண்டும்.

படி 2: தரவு

உணவு அளவுகளை ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் ஃபாவோஸ்டாட் (FAOSTAT) என்ற புள்ளிவிவர இணையதளத்திலும், எரிபொருள் அளவுகளை ஐ.நா. ஆற்றல் புள்ளிவிவரங்களிலும் எடுங்கள். இரு நாடுகளுக்கும் ஒரே ஆண்டாக இருக்கட்டும்.

படி 3: ஒரே அலகுக்கு மாற்றுதல்

எல்லாவற்றையும் மெகாஜூலுக்கு மாற்றுங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு சுமார் 46 மெகாஜூல், ஆகவே 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 650. ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல் என்பது மீட்டர் காட்டும் கணக்கு மட்டுமே. மாலத்தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 36 மெகாஜூல் கொண்ட ஒரு லிட்டர் டீசல் 3.5 யூனிட் தருவதாகக் கொண்டால், மீன் குளிர்பதனக் கிடங்கின் 100 யூனிட்டுக்கு மீட்டரில் 360 மெகாஜூலும் ஜெனரேட்டரில் ஆயிரத்துக்கு மேலும் வரும். மொரீசியசில் நிலக்கரி, எண்ணெய், கரும்புச் சக்கை மூன்றும் எரிவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

படி 4: இறக்குமதியும் ஏற்றுமதியும்

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. இரு நாடுகளும் தங்கள் அரிசியை ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்கின்றன. அதற்கான யூரியா, பம்ப்செட், ஆலை ஆகியவற்றின் ஆற்றல் விளைவித்த நாட்டின் கணக்கில் கிடக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால், அதிகமாக இறக்குமதி செய்யும் நாடே சிக்கனமானதாகத் தோன்றும். இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. மறுபுறம், மொரீசியஸ் ஏற்றுமதி செய்யும் சர்க்கரைக்கும் மாலத்தீவு ஏற்றுமதி செய்யும் சூரைமீனுக்கும் செலவானதைக் கழிக்க வேண்டும். ஆலையையும் ஓட்டி, ஊருக்கும் மின்சாரம் தரும் கரும்புச் சக்கையை இருமுறை எண்ணிவிடாதீர்கள்.

படி 5: தலைக்கு எவ்வளவு?

குடிமக்கள் தொகையால் மட்டும் வகுக்க வேண்டாம். மாலத்தீவின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 2024-இல் வந்த சுற்றுலாப் பயணிகளோ 20 லட்சத்துக்கும் மேல். ஒருவர் 8 நாள் தங்கியதாகக் கொண்டு, 20 லட்சத்தை 8-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால், ஆண்டு முழுவதும் கூடுதலாகச் சுமார் 44,000 பேர் உண்பதற்குச் சமமாகும். விடுதித் தீவுகள் பெரும்பாலும் தங்களுக்கென ஜெனரேட்டர் வைத்திருப்பதால், அவற்றின் சமையலறைச் செலவு அரசு மின் நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் தெரியாது. நாட்டின் டீசல் இறக்குமதிக் கணக்கைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.