ஆசரிப்புக் கூடாரப் பொருள்களுக்கு அர்த்தம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த கூடாரம் ஆசரிப்புக் கூடாரம். அதன் பிரதான ஆசாரியர் வருஷத்துக்கு ஒருமுறை, திரைக்கு அப்பால் இருந்த உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். அவர் காலில் கயிறு கட்டியிருக்கும். உள்ளே செத்து விழுந்தால் வெளியிலிருந்தே உடலை இழுத்துவிடலாம். அங்கியின் ஓரத்தில் தொங்கும் பொன்மணிகளின் சத்தம் நின்றுபோனால் ஆள் இறந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள். ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிய பிரசங்கங்களில் இதைக் கேட்காத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு.

வேதாகமத்தில் அந்தக் கயிறு எங்கேயும் இல்லை. பாவநிவாரண நாளின் சடங்குகளை ஒவ்வொன்றாக விவரிக்கும், யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இல்லை. ஆசாரியக் குடும்பத்தில் பிறந்து எருசலேம் ஆலயத்தை நேரில் பார்த்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அதை எழுதவில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிவந்த ஸோஹார் என்ற யூத மறைஞான நூலில்தான் அது வருகிறது. அதற்குள் ஆலயம் இடிந்து 1,200 ஆண்டுகள் ஓடிவிட்டன. மணிகள் உண்மைதான், யாத்திராகமம் 28 அவற்றைச் சொல்கிறது. ஆனால் பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது ஆரோன் அந்த நீல அங்கியை அணிவதில்லை. எளிய சணல்நூல் உடையோடு போகவேண்டும் என்கிறது லேவியராகமம் 16:4. ஆக, திரைக்கு அப்பால் மணிச்சத்தம் கேட்க வழியே இல்லை.

இந்தப் பொருள்களில் கிறிஸ்துவைக் காண்பது சபையின் மிகப் பழைய வாசிப்பு. எபிரெயருக்கு எழுதின நிருபமே அந்த வழியில்தான் நடக்கிறது. அந்த வாசிப்பு எனக்கு மிகவும் அருமையானது. அதனால்தான், இல்லாததை இருப்பதுபோலச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது மனம் வலிக்கிறது. வளர்ந்தபிறகு அந்தப் பிள்ளை தானே தேடிப் பார்த்து ஒன்று பொய் என்று கண்டால், கூடவே சொல்லப்பட்ட மெய்யையும் சந்தேகிக்கும்.

வேதம் சொன்னதும் நாம் சேர்த்ததும்

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: வேதமே சொல்லும் அர்த்தத்தையும், சபை காலங்காலமாகத் தியானித்துச் சேர்த்த அர்த்தத்தையும், யாரோ ஒருவர் மேடையில் புதிதாகக் கண்டுபிடித்ததையும் ஒரே குரலில் சொல்லிவிடுவது.

வேதமே வெளிப்படையாகச் சொல்பவை சில உண்டு. திரை கிறிஸ்துவின் மாம்சம் (எபிரெயர் 10:20). தூபம் பரிசுத்தவான்களின் ஜெபம் (வெளிப்படுத்தல் 5:8). பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டார் (1 கொரிந்தியர் 5:7). மோசே உயர்த்தின சர்ப்பத்தைத் தம் சிலுவையோடு ஒப்பிட்டது இயேசுவே (யோவான் 3:14). இவற்றைத் தயக்கமில்லாமல் போதிக்கலாம்.

இப்போது சீத்திம் மரத்துக்கு வருவோம். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி சீத்திம் மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடப்பட்டது; மரம் கிறிஸ்துவின் மனுஷத்துவம், பொன் அவருடைய தேவத்துவம் என்பது நமக்குப் பழகிப்போன விளக்கம். அழகான தியானம். ஆனால் எந்த வசனமும் அப்படிச் சொல்லவில்லை. அதை விதியாக்கினால் உடனே சிக்கல் வரும். குத்துவிளக்கு ஒரு தாலந்து பசும்பொன்னில் அடிப்புவேலையாகச் செய்யப்பட்டது, அதில் மரமே இல்லை. அப்படியானால் அங்கே மனுஷத்துவம் இல்லையா? கூடாரத்தின் பலகைகளும் பொன் பொதிந்த சீத்திம் மரம்தான். சீத்திம் என்பது வேலமர இனம். சீனாய்ப் பாலைவனத்தில் கிடைத்த உறுதியான மரம் அது. அதைப் பயன்படுத்த அந்தக் காரணமே போதும். அதற்குமேல் ஒருவர் தியானித்தால் அதைத் தியானம் என்றே சொல்லட்டும்.

நிறங்களிலும் இதே கதைதான். இளநீலம் பரலோகம், இரத்தாம்பரம் (ஊதா) ராஜரீகம், சிவப்பு சிந்தப்பட்ட இரத்தம், வெள்ளை நீதி என்று சுவரில் தொங்கும் அட்டவணைகள் அடித்துச் சொல்கின்றன. முதல் நூற்றாண்டில் அதே நான்கையும் பார்த்த ஜோசிபஸ் வேறு சொன்னார்: மெல்லிய நூல் பூமி, நீலம் ஆகாயம், இரத்தாம்பரம் கடல், சிவப்பு நெருப்பு. அவருக்குக் கூடாரம் பிரபஞ்சத்தின் படம். ஏழு விளக்குகள் ஏழு கிரகங்கள், பன்னிரண்டு அப்பங்கள் பன்னிரண்டு மாதங்கள். அவர் சொன்னதையும் யாத்திராகமம் சொல்லவில்லை. நிறங்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடிவது ஒன்று உண்டு. அந்தச் சாயங்கள் சாதாரணமானவை அல்ல. நீலமும் இரத்தாம்பரமும் கடல் நத்தைகளிலிருந்தும், சிவப்பு மரத்தில் ஒட்டிவாழும் சிறு பூச்சியிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ராஜாக்களுக்கு ஏற்ற விலை அவற்றுக்கு. பாலைவனத்தில் அலைந்த ஜனம் தங்கள் ராஜாவாகிய தேவனுக்கு அரண்மனைத் துணியில் கூடாரம் போட்டார்கள். இந்த ஒன்றைச் சொன்னாலே பிரசங்கம் நிறைந்துவிடும்.

உலோகங்களைப் பற்றிக் கேட்டால் என் பதில் கொஞ்சம் வேறு. வெள்ளி மீட்பைக் குறிக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவுக்காகக் கொடுத்த அரைச்சேக்கல் வெள்ளியைக் கொண்டுதான் கூடாரப் பலகைகளின் பாதங்கள் வார்க்கப்பட்டன (யாத்திராகமம் 30, 38). வெண்கலம் நியாயத்தீர்ப்பு என்பதற்கு அவ்வளவு ஆதாரம் கிடையாது. பலிபீடத்தில் வெண்கலம் இருப்பதற்கு நெருப்பைத் தாங்கவேண்டும் என்ற காரணமே முன்னால் நிற்கிறது. வெளியே வெண்கலம், உள்ளே போகப்போகப் பொன் என்ற வரிசையைக் கவனியுங்கள். தேவசமுகத்தை நெருங்குவதன் கனம் அதில் தெரிகிறது.

ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று பூட்டிவிடுவது

குத்துவிளக்கு என்றால் கிறிஸ்து, ஏனென்றால் அவர் உலகத்துக்கு ஒளி. சரி. ஆனால் வெளிப்படுத்தல் 1:20 ஏழு குத்துவிளக்குகளும் ஏழு சபைகள் என்கிறது. சகரியா 4-ல் விளக்குத்தண்டின் தரிசனம், "என்னுடைய ஆவியினாலேயே ஆகும்" என்ற வார்த்தையோடு வருகிறது. மூன்றும் வேதத்தில் உள்ளவைதான். எந்த வேதபகுதியிலிருந்து பேசுகிறோமோ அதன் அர்த்தத்தைச் சொல்லவேண்டும். (படங்களில் ஒன்பது கிளை விளக்கை ஆசரிப்புக் கூடார விளக்கு என்று போடுகிறவர்களும் உண்டு. அது அனுக்கா பண்டிகையின் விளக்கு. மக்கபேயர் காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஆலயம் சுத்திகரிக்கப்பட்டதை நினைவுகூருவது. கூடாரத்தின் விளக்குக்கு ஏழு அகல்கள்தான். மெழுகுவத்தி இல்லை, ஒலிவ எண்ணெய்.)

தேவசமுகத்தில் மேசைமேல் வைத்த சமுகத்தப்பத்தையும் அவசரமாக யோவான் 6-ன் ஜீவ அப்பத்தோடு இணைத்துவிடுகிறோம். அந்த அதிகாரத்தில் இயேசு ஒப்பிட்டது வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னாவை. சமுகத்தப்பத்தைப் பற்றி அவர் பேசியது மத்தேயு 12-ல்: பசித்திருந்த தாவீதும் அவனோடு இருந்தவர்களும் ஆசாரியர் மாத்திரம் புசிக்கவேண்டிய அப்பங்களைப் புசித்ததை எடுத்துக்காட்டி, பலியையல்ல இரக்கத்தையே தேவன் விரும்புகிறார் என்றார். இயேசுவே அந்த அப்பத்திலிருந்து எடுத்த பாடம் இது. நம் அட்டவணைகளில் அது இருப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

சபைப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும். கத்தோலிக்கர் மன்றாட்டுமாலையில் மரியாளை உடன்படிக்கைப் பெட்டி என்று அழைக்கிறார்கள். தேவனுடைய வார்த்தையைத் தன்னுள் சுமந்தவர் என்பது காரணம். புராட்டஸ்டண்டுகள் அதே பெட்டியில் கிறிஸ்துவைக் காண்கிறார்கள். இரண்டு வாசிப்பும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டு பேசினால் வீண் சண்டை குறையும்.

சிலுவை வடிவப் பாளையம்

எண்ணாகமம் 2-ல் கோத்திரங்களின் தொகை இருக்கிறது. கிழக்கே யூதாவின் கொடியின்கீழ் 1,86,400 பேர், தெற்கே ரூபன் 1,51,450, மேற்கே எப்பிராயீம் 1,08,100, வடக்கே தாண் 1,57,600. கிழக்கு நீளம், மேற்கு குட்டை, இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். மேலிருந்து பார்த்தால் சிலுவை என்று படம் வரைகிறார்கள். எண்கள் சரி. ஆனால் ஒவ்வொரு பாளையமும் ஒரே அகலத்தில் நீண்டு நின்றது என்று வைத்துக்கொண்டால்தான் அந்தப் படம் வரும். வேதம் திசையைச் சொல்கிறது, கூடாரத்துக்கு எதிராகச் சுற்றிலும் இறங்கவேண்டும் என்கிறது. எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று சொல்லவே இல்லை. சிலுவைக்கு வேதத்தில் தெளிவான சாட்சிகள் ஏராளம் இருக்கும்போது இந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

காலங்களைக் கலப்பது

மோசேயின் கூடாரம், சாலொமோனின் ஆலயம், பாபிலோனிலிருந்து திரும்பினவர்கள் கட்டி ஏரோது விரிவுபடுத்திய ஆலயம் மூன்றும் வேறு. கூடாரத்தில் ஒரு குத்துவிளக்கு. சாலொமோன் பத்து வைத்தான். கூடாரத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் பத்து முழக் கனசதுரம், சாலொமோனுடையது இருபது.

இதில் மிகவும் பாதிப்பது ஒன்று. இயேசு மரித்தபோது திரை கிழிந்தது, உள்ளே இருந்த உடன்படிக்கைப் பெட்டி எல்லாருக்கும் தெரிந்தது என்று உருக்கமாகச் சொல்வார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் பெட்டி இல்லை. கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் அது திரும்ப வரவில்லை. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பே உள்ளே நுழைந்தபோது அங்கே எந்தச் சிலையும் இல்லாமல் வெறுமையாக இருந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த உள்ளறையில் ஒன்றுமே இல்லை என்று ஜோசிபஸும் எழுதுகிறார். ரோமில் இன்றும் நிற்கும் தீத்துவின் வளைவில், கி.பி. 70-ல் எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிட்ட குத்துவிளக்கும் அப்பமேசையும் எக்காளங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன, பெட்டி இல்லை. எபிரெயர் நிருபத்தின் வாதம் இதனால் பலவீனப்படவில்லை. பிரவேசிக்க வழி திறந்தது என்பதுதான் அதன் செய்தி, பெட்டி தெரிந்தது என்பதில்லை.

திரையின் தடிமனும் இப்படித்தான். நாலு விரற்கடை தடிமன், துவைத்தெடுக்க 300 ஆசாரியர்கள் என்ற குறிப்பு மிஷ்னாவில் உண்டு. அது மிகைப்படுத்திய பேச்சு என்று மிஷ்னாவை விளக்கும் யூத நூலான தல்மூதே ஒத்துக்கொள்கிறது. குதிரைகள் இழுத்தாலும் கிழியாது என்று ஜோசிபஸ் சொன்னதாகப் பரப்புவது தவறு, அவர் அப்படி எழுதவில்லை.

இஸ்ரவேலரை மறந்துவிடுவது

கூடாரப் பொருள்களைக் கிறிஸ்துவின் நிழலாகப் பேசும்போது, அந்தப் பொருள்களுக்கு அவற்றின் காலத்தில் அர்த்தமே இல்லாததுபோலப் பேசிவிடுகிறோம். யூதர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஏளனமாகச் சொல்லுகிற பிரசங்கங்களும் உண்டு. அது நியாயமில்லை. நான்கு அடுக்காக மூடிய கூடாரத்துக்குள் விளக்குதான் வெளிச்சம். பன்னிரண்டு அப்பங்கள் பன்னிரண்டு கோத்திரங்களும் எப்போதும் தேவனுக்கு முன்பாக இருப்பதைச் சொல்லின; ஓய்வுநாள்தோறும் புதிதாக அடுக்கி, பழையதை ஆசாரியர் புசித்தார்கள். வெண்கலத் தொட்டி, கூடார வாசலில் சேவித்த பெண்கள் கொடுத்த கண்ணாடிகளால் செய்யப்பட்டது (யாத்திராகமம் 38:8). அந்தப் பெண்களின் காணிக்கையைச் சொல்லாமல் நேராக ஞானஸ்நானத்துக்குத் தாவினால் வசனத்தின் பாதியை விட்டுவிட்டோம். முதலில் அவர்களுக்கு அது என்ன, அப்புறம் நமக்கு என்ன என்ற வரிசையில் போனால் இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆழமாக வரும்.

பொருளையே நம்புவது

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர், பெட்டி வந்தால் ஜெயம் வரும் என்று சீலோவிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது (1 சாமுவேல் 4). மோசே செய்த வெண்கல சர்ப்பத்துக்குப் பிற்காலத்தில் ஜனங்கள் தூபங்காட்டினார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டு நிகுஸ்தான் என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). இயேசு தம் சிலுவைக்கு அடையாளமாகச் சொன்ன அதே சர்ப்பம்தான் அது. கிறிஸ்துவுக்கு நிழலாக இருந்த பொருளும் வணங்கப்பட்டால் விக்கிரகம்தான். அதை உடைத்த ராஜாவை வேதம் புகழ்கிறது.

இன்று சின்னஞ்சிறு உடன்படிக்கைப் பெட்டிகளும், "மோசேயின் செய்முறைப்படி தயாரித்த அபிஷேக எண்ணெய்" பாட்டில்களும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் யாத்திராகமம் 30-ஐ முழுவதும் படியுங்கள். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய் என்று அளவோடு செய்முறை இருக்கிறது. சில வசனங்கள் தள்ளி, அதே முறையில் வேறு எதையும் செய்யக்கூடாது, அதை அந்நியன்மேல் வார்க்கக்கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. வியாதியஸ்தனுக்குப் பூசும்படி யாக்கோபு 5:14 சொல்வது வீட்டில் இருக்கிற சாதாரண எண்ணெய்தான். அடுத்த வசனம் பிணியாளியை இரட்சிப்பது விசுவாசமுள்ள ஜெபம் என்கிறது.